உப்பு விளையுது, கற்கண்டு கட்டுது - நம்ம ஆளுங்க படிகம் வளர்த்த கதை

எங்க சென்னீர்குப்பத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு சீசன் வரும். மாம்பழ சீசன் இல்லைங்க, ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷன் சீசன். அந்த ரெண்டு வாரமும் ஆவடி - பூந்தமல்லி ரோட்டில் இருக்கிற ஸ்டேஷனரி கடைகளில் தெர்மாகோல் ஷீட்டுக்கு அப்படி ஒரு கிராக்கி. எரிமலை, சூரியக் குடும்பம், மழைநீர் சேகரிப்பு வீடு... எல்லாம் ரெடிமேடாகவே கிடைக்கும். காசு கொடுத்தால் போதும், பிள்ளை பேரைக் கூட அவங்களே எழுதி ஒட்டிக் கொடுத்துடுவாங்க :-)

கொஞ்ச வருஷமா இந்த லிஸ்ட்டில் புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கிறது. "படிகம் வளர்க்கும் கிட்". ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருது. அட்டைப்பெட்டி மேல சிரிக்கிற வெள்ளைக்காரக் குழந்தை படம், உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு பாக்கெட் கலர் பொடி, ஒரு ஸ்பூன். வெந்நீர் ஊத்தினா ராத்திரியோட ராத்திரியா ஊதா கலரில் குட்டி மலை முளைச்சிடும். ப்ராஜெக்ட் ஓவர்.

கிட் வாங்குறவங்களைக் குறை சொல்ல நான் வரலை. வேலைக்குப் போற அப்பா அம்மாவுக்கு நேரம் எங்கே இருக்கு? ஆனா அந்தப் பெட்டியைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் உறுத்தும். படிகம் வளர்க்கிறது ஏதோ கப்பலில் வந்து இறங்கின சமாச்சாரம் மாதிரி ஒரு நினைப்பு நம்ம பிள்ளைகளுக்கு வந்துடுது. நிஜம் என்னன்னா, இந்த வேலையை நம்ம ஊரில் தலைமுறை தலைமுறையா செய்துகிட்டு இருக்காங்க. ஒரு காலத்தில் இதை வீட்டில் செய்தால் போலீஸ் வந்து பிடிச்சுக்கிட்டுப் போகும். நம்ப மாட்டீங்களா? மேல படிங்க.

முதல்ல, படிகம்னா என்ன?

"படிகம்" என்கிற சொல் வடமொழி ஸ்படிகத்திலிருந்து வந்தது. வகுப்பில் "அணுக்கள் ஓர் ஒழுங்கான அமைப்பில் அடுக்கப்பட்ட திண்மம்" என்று மனப்பாடம் செய்வோம். அதை இப்படிப் பாருங்க. பூந்தமல்லி டெப்போவில் காலி பஸ் ஒண்ணு நிக்குது. ஆட்கள் ஒவ்வொருத்தரா நிதானமா ஏறினால், சீட் வரிசையா நிரம்பும். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டியடிச்சு ஏறினால் எப்படி இருக்கும்? படியில் நாலு பேர், கம்பியைப் பிடிச்சு பத்து பேர், ஒரு ஒழுங்கும் இருக்காது. படிகமும் அப்படித்தான். கரைசலில் இருக்கிற துகள்களுக்கு நிதானமா உட்கார நேரம் கொடுத்தால், ஒண்ணு பக்கத்தில் ஒண்ணு கச்சிதமா அடுக்கிக்கொண்டு பெரிய படிகம் ஆகும். அவசரப்படுத்தினால் ஆயிரம் குட்டிப் பொடிகள்.

சூடான தண்ணீரில் படிகாரமோ சர்க்கரையோ நிறையக் கரையும். ஆறும்போது அவ்வளவையும் தண்ணீரால் பிடித்து வைத்திருக்க முடியாது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தாலும் அதே கதிதான். மிச்சம் வெளியே வந்தாக வேண்டும். எங்கே வந்து உட்காருவது? ஏற்கெனவே ஒரு குட்டிப் படிகம் அங்கே இருந்தால் அதன்மேல் உட்காரும். அதுக்குப் பேர் வித்துப் படிகம். படிகம் வளர்க்கும் கலை மொத்தமும் இவ்வளவுதான்: ஒரு விதை, ஒரு கரைசல், பொறுமை.

ஐரோப்பாவில் இதை முறையாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை பார்த்த டோபியாஸ் லோவிட்ஸ். 1790-களில், அளவுக்கு மேல் கரைந்த கரைசல் சும்மா கிடக்கும், அதில் ஒரு துளி விதையைப் போட்டால் படிகமாகத் தொடங்கும் என்று அவர் கவனித்துச் சொன்னார். சந்தோஷம். ஆனா நம்ம பாட்டன்கள் இதை வேற மொழியில் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க. கடற்கரையில் போய்க் கேளுங்க, "உப்பு உற்பத்தி ஆகுது"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "உப்பு விளையுது" என்பார்கள். நெல் மாதிரி. சுவரில் வந்தால் "உப்பு பூத்துப்போச்சு". பாகில் வந்தால் "கற்கண்டு கட்டிடுச்சு". விளையறது, பூக்கிறது, கட்டுறது! பாடப்புத்தகத்தில் "படிக வளர்ச்சி" என்று அச்சடிப்பதற்கு வெகு காலம் முன்னாலேயே படிகம் வளரும் ஒரு பொருள் என்பது இந்த மொழிக்குத் தெரிந்திருக்கிறது.

உப்பளம் என்கிற பெரிய லேப்

தூத்துக்குடி, மரக்காணம், வேதாரண்யம் பக்கம் போனவங்களுக்கு உப்பளம் தெரிஞ்சிருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் என்ன, கடல் தண்ணியைக் கட்டி வெயிலில் காய விடுறாங்க, அவ்வளவுதானேன்னு தோணும். அவ்வளவு இல்லை.

கடல் நீரில் சாப்பாட்டு உப்பு மட்டும் இல்லை. ஜிப்சம் இருக்கு, மெக்னீசிய உப்புகள் இருக்கு. எல்லாத்தையும் ஒரே பாத்தியில் காயவிட்டால் கசப்பும் அழுக்கும் கலந்த ஒரு கலவைதான் கிடைக்கும். அதனால் பாத்தி பாத்தியாக மாற்றுகிறார்கள். நீரின் அடர்த்தியை போமே டிகிரி என்ற கணக்கில் மிதவை வைத்து அளப்பார்கள். கடல் நீர் ஏறக்குறைய 3 டிகிரி. காயக் காய, 13 டிகிரிக்கு மேல் ஜிப்சம் பிரிந்து அடியில் படியும். அதை அங்கேயே விட்டுவிட்டு நீரை அடுத்த பாத்திக்கு மாத்தணும். 25 டிகிரி வாக்கில் உப்பு விளைய ஆரம்பிக்கும். 29, 30-ஐத் தொடும்போது மிச்சத் தண்ணியை வடிச்சு விட்டுடணும். இல்லாட்டி மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும்.

ஒரே நீரில் இருந்து ஒவ்வொரு பொருளையும் அதனதன் நேரத்தில் தனித்தனியாப் பிரிக்கிறதுக்கு வேதியியலில் "பின்னப் படிகமாக்கல்" என்று பெரிய பேர் இருக்கு. காலேஜில் பீக்கர் வைத்துச் செய்வதை இவங்க ஏக்கர் கணக்கில் செய்றாங்க. பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி, பலகையால் உப்பை வாரி, வெயிலில் கண் கூச, உப்புத் தண்ணியில் கால் வெடிக்க. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. கல்லுப்பைக் கையில் எடுத்தால் ஒரு தரம் வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க. உடையாத கல் கிடைச்சா சதுரம் சதுரமா முகம் தெரியும். அது யாரும் செதுக்கினது இல்லை. சோடியமும் குளோரினும் கனசதுரமா அடுக்கிக்கிட்டு நிற்கிற ஒழுங்கு அப்படியே வெளியே தெரியுது.

அந்த அடுக்கை முதன்முதலில் எக்ஸ் கதிர் வைத்துப் "பார்த்தவர்" லாரன்ஸ் பிராக். வருஷம் 1913. உள் அமைப்பு தெரிய வந்த முதல் படிகங்களில் ஒன்று நம்ம சாப்பாட்டு உப்பு! 1915-ல் அப்பா வில்லியம் பிராகுக்கும் மகன் லாரன்சுக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். மகனுக்கு அப்போது வயசு 25.

படிகம் வளர்த்தால் ஜெயில்

பிராகுக்கு நோபல் கொடுத்து 15 வருஷம் கழிச்சு என்ன நடந்தது? அதே உப்பைப் படிகமாக்கினதுக்காக நம்ம ஆட்களை ஜெயிலில் போட்டாங்க.

1882-ஆம் வருஷத்து இந்திய உப்புச் சட்டப்படி, அரசாங்க அனுமதி இல்லாமல் உப்புக் காய்ச்சுவது குற்றம். ஒரு பானையில் கடல் தண்ணியை மொண்டு வந்து அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சுவது, அதாவது இன்னிக்கு ஆறாம் கிளாஸ் பிள்ளை ப்ராஜெக்ட்டா செய்யற அதே வேலை, சட்டவிரோதம். 1930 ஏப்ரல் 6-ஆம் தேதி காந்தி தண்டியில் உப்பு அள்ளினார். ஒரு வாரம் கழித்து ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு திருச்சியில் இருந்து நடக்க ஆரம்பித்தார். தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், வழியில் இவர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் இடம் கொடுக்கிறவர்களும் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். மக்கள் எப்படியோ சோறு போட்டார்கள். ஏப்ரல் 28 வேதாரண்யம். அங்கே அவர்களை ஆதரித்தவர் வேதரத்தினம் பிள்ளை. ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜி உப்பு அள்ளினார், கைதானார். அதே மாதம் நம்ம சென்னையில் திருவல்லிக்கேணி கடற்கரையிலும் தொண்டர்கள் உப்புக் காய்ச்சினார்கள்.

இந்தச் சம்பவத்தை நாம அரசியலாத்தான் படிச்சிருக்கோம். அது அரசியல்தான், சந்தேகமில்லை. ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. தண்ணி எல்லாருக்கும் பொது, வெயில் எல்லாருக்கும் பொது, தண்ணி ஆவியாகிறதும் உப்பு விளையறதும் இயற்கை. இதில் யாருக்கு உரிமை என்பதுதான் சண்டை. "இந்த வேலை உனக்கு எதுக்கு, நான் தர்றதை வாங்கிக்க" என்று சொன்னதைத்தான் நம்ம ஆட்கள் ஏற்க மறுத்தார்கள். கலர் பொடி பாக்கெட்டைப் பார்த்தா எனக்கு இது ஞாபகம் வந்து தொலைக்குது, என்ன செய்ய!

நூல் கட்டித் தொங்கவிடும் வித்தை

இப்போ பனங்கற்கண்டுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

கிட் வாங்காத பள்ளிகளில் சொல்லிக் கொடுக்கிற படிகப் ப்ராஜெக்ட் எப்படி? ஒரு டம்ளரில் கெட்டியான சர்க்கரைக் கரைசல். மேலே குறுக்கே ஒரு பென்சில். பென்சிலில் இருந்து ஒரு நூல் தொங்கும். சில நாளில் நூலைச் சுத்தி கற்கண்டு. இங்கிலீஷ் புத்தகம் எல்லாத்திலும் இந்தப் படம் இருக்கும். பனங்கற்கண்டு செய்யும் முறை என்ன தெரியுமா? அச்சு அசல் இதேதான், அளவு மட்டும் பெரிசு.

பதநீரைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சி, ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸ் வரை கொண்டு போய் பாகு பதம் பார்த்து, வடிகட்டி, பானையிலோ தொட்டியிலோ ஊற்றுவார்கள். உள்ளே நூல்களை வரிசையாகத் தொங்கவிடுவார்கள். வாயை மூடி, மண்ணில் புதைத்துவிடுவார்கள். ஏறக்குறைய 40 நாள். திறந்து பார்த்தால் நூலிலும் ஓரத்திலும் கற்கண்டு கட்டியிருக்கும். மிச்சப் பாகை வடித்துவிட்டு, கழுவிக் காயவைத்தால் பனங்கற்கண்டு. அடுத்த தடவை பனங்கற்கண்டில் நூல் இருந்தா கடைக்காரர் கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. அது விதை பிடிக்கறதுக்காகப் போட்ட நூல்!

எதுக்கு மண்ணில் புதைக்கணும்? பகலில் சூடு ஏறினால் படிகம் திரும்பக் கரையும், ராத்திரி குளிர்ந்தால் அவசரமாகப் பொடிப்பொடியாக விழும். மண்ணுக்கடியில் வெப்பநிலை அவ்வளவா ஏறி இறங்காது. ஆட்டமும் இல்லை, அசைவும் இல்லை. இன்னிக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் இதுக்குத்தான் கரைசலை வெப்பம் மாறாத தொட்டியில் வைத்து, அரை டிகிரி கூட நகராமல் காவல் காக்கிறார்கள்.

இன்னொண்ணு சொல்றேன். பாளையில் கட்டுற கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவுறாங்க. தடவாட்டி பதநீர் புளிச்சுக் கள்ளாயிடும், அது எல்லாருக்கும் தெரியும். புளிக்கும்போது சர்க்கரை உடைந்து குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் ஆகிவிடும். இந்த ரெண்டும் கலந்துவிட்டால் சர்க்கரைத் துகள்கள் வரிசையாக அடுக்க முடியாது, நடுவில் குறுக்கே வந்து நிற்கும். அப்புறம் எத்தனை நாள் புதைத்து வைத்தாலும் கற்கண்டு சரியாகக் கட்டாது. பனையேறிகள் பிரக்டோசைப் பார்த்ததில்லை. ஆனா புளிச்ச பதநீர் கற்கண்டுக்கு ஆகாதுன்னு தெரியும்.

இதையே தலைகீழாப் பயன்படுத்துறவங்க நம்ம வீட்டு அம்மாக்கள். குலாப் ஜாமூன் ஜீரா பூத்துப் போகாம இருக்க ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழிவாங்களே, அதே வேதியியல். அமிலம் சர்க்கரையைக் கொஞ்சம் உடைக்கும், படிகம் கட்டுவது தடைப்படும். படிகத்தை வளர்க்கவும் தெரியும், வளர விடாமல் தடுக்கவும் தெரியும். இதுக்கு மேல என்னங்க சயின்ஸ் வேணும்?

இங்கிலீஷ் "கேண்டி" என்ற சொல்லுக்கும் வேர் நம்ம பக்கம்தான். வடமொழி "கண்ட" என்ற சொல் பாரசீகம், அரபி வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அந்தச் சொல்லுக்கே திராவிட மூலம் இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. பெட்டியும் பேரும் வெளியே போய், நமக்கே கிட்டாகத் திரும்பி வருது பாருங்க.

கிட்டுக்குள்ளே என்ன இருக்கு?

சரி, அந்த கிட்டின் சரித்திரம் என்ன? அதுவும் சுவாரசியம்தான்.

ரெண்டாம் உலகப் போர் நேரம். ரேடியோக்களுக்கு குவார்ட்ஸ் படிகம் தேவை. கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவிக்கு, அழுத்தினால் மின்சாரம் தருகிற படிகம் தேவை. இதற்கு அமெரிக்கர்கள் கரைசலில் இருந்து பெரிசு பெரிசாக வளர்த்த படிகம் அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். அந்தக் காலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் இப்படிக் கரைசலில் படிகம் வளர்ப்பதில் கைதேர்ந்தவர் ஆலன் ஹோல்டன். போர் முடிந்தது. 1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக் விட்டதும், "நம்ம பிள்ளைகளுக்கு சயின்ஸ் வரலையே" என்று அமெரிக்காவுக்கு உதறல் எடுத்தது. பள்ளி மாணவர்களுக்காக வெளிவந்த அறிவியல் புத்தக வரிசையில் 1960-ல் ஹோல்டனும் ஃபிலிஸ் சிங்கரும் சேர்ந்து படிகம் வளர்ப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். படிகாரம், தண்ணீர், ஜாடி, நூல், இதை வைத்து வீட்டில் எப்படி வளர்ப்பது என்று விளக்கமாக இருக்கும். வீட்டில் படிகம் வளர்ப்பது ஒரு மாணவர் ப்ராஜெக்ட்டாகப் பரவியதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போ கடையில் விற்கும் கிட்களில் பலவற்றில் இருக்கும் பொடி என்ன தெரியுமா? அந்த சோனார் உப்பேதான். மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்று இன்னொரு பேர். உரக்கடையில் போய் "12-61-0" என்று கேட்டால் விவசாயிக்குக் கிலோக் கணக்கில் கொடுப்பார்கள், அது! அதன் தம்பி பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், உரக்கடையில் "0-52-34". அமெரிக்காவில் லாரன்ஸ் லிவர்மோரில் உலகத்தின் மாபெரும் லேசரில் ஒளியின் நிறத்தை மாற்றுவது இந்த உப்பின் படிகம்தான். அங்கே ஒரு படிகத்தை 300 கிலோவுக்கு மேல் வளர்த்திருக்கிறார்கள். திருவள்ளூர் பக்கம் தோட்டத்துக்குச் சொட்டு நீரில் விடுற உப்பும் அதுவும் ஒரே பொருள். தூய்மைதான் வித்தியாசம்.

கல்கத்தா வழியாக கிண்டிக்கு

நம்ம நாட்டு விஞ்ஞானிகள் கதையையும் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிச்சுக்கும்.

உப்புச் சத்தியாகிரகம் நடந்த அதே 1930. கல்கத்தாவில் கேதாரேஸ்வர் பானர்ஜி என்பவர் நாப்தலீன் படிகத்தின் உள் அமைப்பைக் கண்டுபிடித்து வெளியிட்டார். நாப்தலீன்னா வேற ஒண்ணும் இல்லை, பீரோவில் போடுகிற அந்துருண்டை! அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் நம்ம கே.எஸ்.கிருஷ்ணன். 1898-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்தவர், ராமன் விளைவில் ராமனுக்குத் தோள் கொடுத்தவர். அவர் 1930-களில் என்ன செய்தார்? ஒரு குட்டிப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்துக்கு நடுவில் தொங்கவிட்டார். படிகம் எவ்வளவு திரும்புது என்று பார்த்தே அதுக்குள்ளே மூலக்கூறுகள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கு என்று கணக்குப் போட்டார். இங்கேயும் ஒரு நூல், ஒரு படிகம். கோடி ரூபாய் மெஷின் இல்லை.

அப்புறம் சென்னை. 1952-ல் ஜி.என்.ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். வந்த ரெண்டே வருஷத்தில், 1954-ல், தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் புரதத்தின் அமைப்பு மூன்று இழை முறுக்கு என்று எக்ஸ் கதிர் வைத்துச் சொன்னார். அவருக்கு அந்த கொலாஜன் கிடைத்தது அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து. உள்ளே பார்க்கிற கலையில் சென்னைக்கு இப்படிப் பேர் வந்தது.

வளர்க்கிற கலைக்கு? 1982-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியவர் பேராசிரியர் பி.ராமசாமி. நம்ம ஏரியாவில் இருந்து போரூர் வழியா பஸ் பிடிச்சா போயிடலாம், அவ்வளவு பக்கம்.

2005-ல் சங்கரநாராயணனும் ராமசாமியும் ஒரு புது முறையை வெளியிட்டார்கள். சாதாரணமா ஜாடியில் வளர்க்கும்போது படிகம் தன் இஷ்டத்துக்குத் தன் முகங்களை வளர்த்துக்கொள்ளும். கருவிகளுக்குத் தேவையான திசை வேறாக இருக்கும். அறுத்து எடுத்தால் பாதி வீண். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒரு கண்ணாடிக் குழாயின் கூம்பிய அடியில், தேவையான திசையில் திருப்பி ஒரு விதையை வைத்தார்கள். மேலே கரைசல். குழாயின் மேல்பக்கம் மட்டும் ஒரு சுடுவளையம் போட்டு மெல்ல ஆவியாக்கினார்கள். படிகம் அந்த ஒரே திசையில், குழாயை நிரப்பிக்கொண்டு மேல்நோக்கி வளர்கிறது. கரைந்த பொருள் பெரும்பாலும் வீணாகாது. ரெண்டு பேர் பேரையும் சேர்த்து இதை எஸ்.ஆர். முறை என்கிறார்கள். மற்ற நாட்டு ஆய்வுக் கட்டுரைகளிலும் இதே பேரில்தான் வருது. ஒரு குழாய், ஒரு விதை, மெதுவான ஆவி. பனங்கற்கண்டுப் பானைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இல்லை?

நம்ம வீட்டுக்கு

சரி, பிள்ளைகள் என்ன செய்யலாம்? நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் 100 கிராம் வாங்குங்க. அதாங்க, கடை வாசலில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிற்றில் தொங்கவிடுவாங்களே, சலூனில் ஷேவிங் முடிச்சுத் தேய்ப்பாங்களே, அந்தக் கல். பொடி பண்ணி, 200 மில்லி வெந்நீரில் 50 கிராம் கரைச்சு, வடிகட்டி, ஒரு கிண்ணத்தில் ஊத்தி மூடி வைங்க. கேன் தண்ணி நல்லது. எங்க பக்கம் போர் தண்ணியில் பக்கெட் ஓரத்தில் வெள்ளையா படிகிற அளவுக்கு ஏற்கெனவே உப்பு இருக்கு, அது இதுக்குச் சரிவராது.

ஒண்ணு ரெண்டு நாளில் அடியில் குட்டிக் குட்டிப் படிகங்கள் வரும். அதில் முகம் நல்லா இருக்கிற ஒண்ணை எடுத்து மெல்லிய நூலில் கட்டுங்க. கரைசலை மறுபடி வடிகட்டி ஒரு ஜாடியில் ஊத்தி, அதுக்குள்ளே தொங்கவிடுங்க. தூசி விழாம மேலே ஒரு பேப்பர். அவ்வளவுதான். படிகாரம் எட்டு முகம் கொண்ட படிகமா வளரும், ரெண்டு பிரமிடை அடிப்பக்கம் ஒட்டினா எப்படி இருக்கும், அப்படி.

எங்க அக்கா பொண்ணு ஏழாவது படிக்கிறா. போன கோடை லீவில் ரெண்டு ஜாடி வச்சோம். ஒண்ணு ஹாலில், ஃபேன் காத்து படுற இடத்தில். இன்னொண்ணு கட்டிலுக்கு அடியில், ஒரு பக்கெட் தண்ணிக்கு நடுவில். பக்கெட் எதுக்கு? அவ்வளவு தண்ணி சட்டுன்னு சூடாகாது, சட்டுன்னு ஆறாது. மண்ணில் புதைக்க முடியாத அபார்ட்மெண்ட்வாசிகளின் பனங்கற்கண்டுப் பானை அது :-) ஹால் ஜாடியில் நாலே நாளில் அடி முழுக்க மணல் மாதிரி கொட்டிக் கிடந்தது, நூலில் இருந்ததும் மேடு பள்ளமா ஆயிடுச்சு. கட்டிலுக்கடியில் இருந்தது 18 நாளில் கட்டைவிரல் நகம் அளவுக்கு, கண்ணாடி மாதிரி, எட்டு முகமும் தெளிவா. தினமும் ஸ்கேல் வச்சு அளந்து நோட்டில் எழுதினா. "மாமா, ராத்திரி ஏன் நல்லா வளருது, மத்தியானம் ஏன் அப்படியே நிக்குது?"ன்னு அவளாவே கேட்டா. இந்தக் கேள்வி கிட்டில் வராதுங்க. ராத்திரியோட ராத்திரியா முளைச்ச மலைகிட்ட யாரும் கேள்வி கேட்க முடியாது.

ஐ.நா. சபை 2014-ஐ சர்வதேசப் படிகவியல் ஆண்டாக அறிவித்தபோது பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிகம் வளர்க்கும் போட்டியே வைத்தார்கள். நம்ம ஊரில் அப்படி ஒரு போட்டி வச்சா யாரை நடுவரா உட்கார வைக்கலாம்னு யோசிச்சுப் பார்த்தேன். பேராசிரியர் ஒருத்தர், சரி. பக்கத்து நாற்காலியில் உடன்குடிப் பக்கத்துப் பனங்கற்கண்டுக்காரர் ஒருத்தர். இன்னொரு நாற்காலியில் 25 டிகிரிக்கும் 29 டிகிரிக்கும் வித்தியாசம் தெரிந்த உப்பளத்து அம்மா ஒருத்தங்க. அவங்க பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தில் "படிகம் வளர்த்தல்" பாடம் நடத்தும்போது, உங்க அம்மா செய்றதும் இதுதான்டா என்று ஒரு டீச்சர் சொன்னால் போதும், அந்தப் பிள்ளைக்கு சயின்ஸ் பயம் பாதி போயிடும்.

பனை ஏற ஆள் குறைஞ்சுக்கிட்டே வருது. பனங்கற்கண்டு என்ற பேரில் வெறும் சர்க்கரையை விற்கிற கலப்படமும் நடக்குது. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது, நல்ல விஷயம். மரத்தைச் சட்டம் காப்பாத்தும். ஆனா எந்தப் பதத்தில் பாகை இறக்கணும், எத்தனை நாள் புதைக்கணும் என்கிற கைப்பழக்கத்தை யார் எழுதி வைக்கிறது? உங்க ஊர்ப் பக்கம் உப்பளமோ பனங்காடோ இருந்தா, பெரியவங்க கிட்ட கேட்டு எழுதுங்க மக்களே. அவங்க என்ன வார்த்தை சொல்றாங்களோ அதே வார்த்தையில் எழுதுங்க.

பி.கு: நீலக் கலர் அழகா இருக்கேன்னு மயில்துத்தத்தில் படிகம் வளர்க்க ஆசைப்பட்டால், பெரியவங்க யாராவது கூட இருந்து செய்யுங்க. அது விஷம். சமையல் பாத்திரத்தில் வேண்டவே வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குப் படிகாரம், கல்லுப்பு, சர்க்கரை இந்த மூணும் தாராளம். மூணுக்கும் மூணு வடிவம் வரும், வளர்த்துப் பார்த்துட்டு எது எப்படி வந்ததுன்னு சொல்லுங்க.